விடுபட்ட காரணம்

டோக்கன் நாற்பத்திமூணு. பலகையில இப்ப ஓடறது முப்பத்தாறு. நடுவுல ஆறு பேர், அதுக்குள்ள இந்தத் தாளை நிரப்பிடணும். நிரப்பிடுவேன். பட்டாளத்துல இருபத்தாறு வருஷம் கிளார்க்கு உத்தியோகம் பார்த்து சுபேதாரா வெளிய வந்தவனுக்கு மூணு கட்டம் நிரப்பறது ஒரு வேலையா, தூக்கத்துல எழுப்பிக் கொடுத்தாலும் எழுதுவேன். ஆனா பேனா மூடியைத் திறக்கறதும் மூடறதுமா இருக்கேன். பக்கத்துல கோதண்டம் சிரிச்சுட்டிருக்கான். யார்கூட? முன்னபின்ன தெரியாத ஒரு ஆள்கூட. நாங்க வந்து பத்து நிமிஷம் ஆகல, இந்த முன்னாள் படைவீரர் ஆபீஸ் வராந்தாவுல இருக்கிற அத்தனை பேரும் இவன் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டாங்க. வேர்க்கடலைப் பொட்டலம் ஒண்ணு எங்கிருந்தோ வந்து இவன் கையில ஏறிடுச்சு. வாட்ச்மேன் எழுந்து வந்து ஃபேனை இவன் பக்கம் திருப்பி வச்சுட்டுப் போறான். நான் இங்க மாசம் நாலு தடவை வரேன், சங்கத்துச் செயலாளர், சட்டை மடிப்புக் கலையாம வரேன், எனக்கு எவனும் ஃபேன் திருப்பினதில்ல. அப்படி என்னதான் இருக்கு இவன்கிட்ட. தலையில மயிர் இல்ல. முன்பல் ரெண்டு இல்ல. வலது கை தோளுக்கு மேல தூக்க வராது. சட்டையில மேல் பொத்தான் ஒரு கலரு, மத்தது ஒரு கலரு. இவனைப் பார்த்து எனக்கு வயிறு எரியுதுன்னு சொன்னா எவனாவது நம்புவானா. எரியுது.

"இன்னா சீனியர், முடிஞ்சுதா?"ன்னு கேட்கிறான். சீனியர்ங்கிறது அவன் எனக்கு வச்ச பேர். ஒரே நாள்ல ஒரே மைதானத்துல சட்டையைக் கழட்டிட்டு ஓடி, மார்பை அளந்து, பட்டாளத்துல சேர்ந்தவங்க நாங்க. வரிசையில எனக்குப் பின்னால நின்னான். அதனால என் நம்பர் எழுபத்தொண்ணுல முடியுது, அவனுது எழுபத்திரண்டு. ஒரே ஒரு நம்பர் முன்னாடிங்கிறதுக்காக அன்னிலேர்ந்து சீனியர். எல்லார் முன்னாடியும் சொல்லுவான், எல்லாரும் சிரிப்பாங்க, அந்தச் சிரிப்புல எனக்கும் ஒரு பங்கு இருக்கிற மாதிரி நானும் சிரிப்பேன். பத்தாவது பாஸுங்கிறதால என்னை டைப்ரைட்டர் முன்னாடி உட்கார வச்சாங்க. அவனை மலையில ஏத்தினாங்க. மெஸ்ஸுல அவன் தட்டுல மட்டும் ஒரு முட்டை கூட விழும். லீவுல ஊருக்குப் போறவன் அவன்கிட்ட சொல்லாம போகமாட்டான், லீவு பாஸ் அடிச்சுக் கொடுத்த என்கிட்ட ஒரு தலையாட்டல்கூட கிடையாது. மேஜர் சாப் ஆபீஸுக்குள்ள வந்து என் மேசைக்கு முன்னால நின்னுக்கிட்டு, என் தலைக்கு மேல ஜன்னலைப் பார்த்து, "கோதண்டம் எங்கே?"ன்னு கேட்பார். என்னை பாபுன்னு கூப்பிடுவார், கிளார்க்குன்னா அங்க எல்லாருமே பாபுதான். எனக்கு ஒரு பேர் இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தணிகாசலம். தணிகாசலம்னு இந்தத் தாள்லயும் சாட்சிங்கிற இடத்துல எழுதியாச்சு. முத்து முத்தான கையெழுத்து, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. முப்பத்தேழு ஓடுது.

மூணு கட்டம். முதல் கட்டம், சம்பவத்தின் விவரம். அதை வீட்டிலேயே எழுதிட்டேன். ரெண்டாவது, காப்பாற்றப்பட்டவர் பெயர். மூணாவது, பதிவு விடுபட்ட காரணம். இந்த ரெண்டும்தான் வெள்ளையா பல்லைக் காட்டுது. இவன் டிஸ்சார்ஜ் புக்குல பதக்கங்கள்னு இருக்கிற பக்கத்துல மூணே மூணு வரி, எல்லாருக்கும் கிடைக்கிற சர்வீஸ் மெடலுங்க. அடிபட்டதுக்கான வூண்ட் மெடல் இல்ல. வீரத்துக்குக் கொடுத்த பாராட்டு, கமெண்டேஷன் கார்டுன்னு சொல்லுவோம், அதுவும் இல்ல. இத்தனை வருஷத்துல அந்தப் பக்கத்தை இவன் திருப்பிப் பார்த்ததே கிடையாது. நானா இருந்தா தினம் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பேன். போன தையில வலது கை மரத்துப் போக ஆரம்பிச்சது. ராணுவ ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க, தோள்ல நரம்பை ஒட்டி ஒரு இரும்புத் துண்டு. எங்க பட்டதுன்னு டாக்டர் கேட்டாராம், சண்டையிலன்னானாம், ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லையேன்னாராம். போர்க்காயம்னு ஏறினாத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே எழுதிக் கொடுப்பாங்க. இல்லேன்னா வரிசை. வரிசையில நின்னா அதுக்குள்ள கை போயிடும்னு டாக்டரே வாய்விட்டுச் சொல்லிட்டார். இவன் பொண்ணு மனு போட்டா. அன்னிக்கு அந்த இடத்துல இருந்த ஒருத்தர் கண்ணால பார்த்த சாட்சி எழுதணும்னு பதில் வந்துச்சு. "அதுக்கின்னா, நம்ம சீனியர் இருக்கானே"ன்னு பொண்ணுகிட்ட சொன்னானாம். அவ எனக்கு போன் பண்ணினப்ப நான் சாப்பிட்டுட்டிருந்தேன், கை சோத்துலயே நின்னுபோச்சு. சரிம்மா, வரேன்மான்னேன். வேற என்னத்தைச் சொல்றது.

அன்னிக்கு நான் அங்க இருந்திருக்கவே கூடாது. கிளார்க்குக்குக் காவல் போஸ்ட்ல என்ன வேலை. எல்லைக்கோட்டு ஓரத்துல ஒரு மலை முதுகு, அங்க இருந்தவங்ககிட்ட வாரிசு பாரத்துல கையெழுத்து வாங்கறதுக்கு ஏறினேன். செத்தா யாருக்குச் சேரணும்னு எழுதற பாரம். மத்தியானம் மூணு மணி, நல்ல வெயில், பாதி பேர் கையெழுத்து போட்டாச்சு, மொத குண்டு விழுந்துச்சு. எல்லாரும் பங்கருக்குள்ள பாய்ஞ்சாங்க. நான் பாயல. பாரம் எல்லாம் காத்துல பறக்குது, அதைப் பார்த்துக்கிட்டே வெட்டவெளியில கீழ கிடக்கேன். அடி கிடி ஒண்ணும் இல்ல. இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல, கட்டினவகிட்டகூட. எனக்கு ஒரு கீறல் இல்ல. கால் வரல, அவ்வளவுதான். கால்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. கோதண்டம் பங்கருக்குள்ள பத்திரமா போய்ச் சேர்ந்தவன். திரும்பி வந்தான். ரெண்டாவது குண்டுக்கும் மூணாவது குண்டுக்கும் நடுவுல வெளிய வந்து, என்னை இடது தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினான். ஓடறப்பதான் அவன் வலது தோள்ல இரும்பு பாய்ஞ்சுது, ஹக்னு ஒரு சத்தம், நிக்கல. என் மூக்கு அவன் முதுகுல தேயுது, வேர்வையும் பீடியும் கலந்த நாத்தம். அந்த நேரத்துல என் மனசுல என்ன ஓடிச்சுன்னு நினைக்கிறீங்க. முருகாவா? பொண்டாட்டி புள்ளையா? இல்ல. இதையும் இவன்தான் செய்யணுமான்னு ஓடிச்சு. உயிர் போற நேரத்துல, தலைகீழா தொங்கிக்கிட்டு, என்னைத் தூக்கிட்டு ஓடறவன் மேல எனக்குப் பொறாமை. இப்படி ஒரு பிறவி உண்டா.

முப்பத்தொன்பது. ஒரு அம்மா கவுண்டர்ல அழுதுட்டிருக்காங்க, சுபாஷிணி அவங்களைச் சமாதானம் பண்றா, நல்ல பொண்ணு, கவுண்டருக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. பேனா மூடி திறக்கறது, மூடறது. அப்பறம் என்ன நடந்ததுன்னா, இவன் பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தான். அணிவகுப்பு மைதானத்துல எல்லாரையும் உட்கார வச்சு கர்னல் சாப் சொன்னார், தன் உயிரை மதிக்காம ஒரு தோழனைக் காப்பாத்தின வீரன்னு. ஒரு தோழன்னார், பேர் சொல்லல, நான் தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். கைத்தட்டல் நிக்க நேரமாச்சு. ஆனா பாராட்டு எழுதின தாள்ல பேர் இருந்துச்சு. அந்தத் தாள் என் மேசைக்கு வந்துச்சு. பட்டாளத்துல ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆனாலும், புள்ளை பொறந்தாலும், அடி பட்டாலும், பதக்கம் கிடைச்சாலும், யூனிட் கிளார்க்கு பார்ட் டூ ஆர்டர்னு ஒண்ணு டைப் அடிச்சு, அதிகாரி கையெழுத்து வாங்கி, ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பணும். அது போனாத்தான் நடந்தது நடந்தது. போகலேன்னா உனக்குப் பொண்டாட்டி இருந்தும் பொண்டாட்டி இல்ல, உடம்புல இரும்பு இருந்தும் காயம் இல்ல. பதினொரு வரி அடிச்சேன். பதினோராவது வரியில இவன் காயம், இவன் பாராட்டு, காப்பாற்றப்பட்டவர் கிளார்க் தணிகாசலம், காயம் ஏதுமில்லை. காயம் ஏதுமில்லைன்னு என் கையாலேயே அடிச்சேன். அடிச்சுட்டு அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். இது ரெக்கார்டுல ஏறும், என் பேரு ரெக்கார்டுல ஒரே ஒரு தடவை ஒரு வீரக்கதையில வரப்போகுது, அதுவும் மூட்டையா. தாளை உருவினேன். புதுத்தாள் சொருகினேன். பத்து வரி அடிச்சேன். அந்த வாரம்தான் கர்னல் மாறினார், யூனிட்டும் சமவெளிக்கு இறங்குது, லாரியில பெட்டி ஏறுது, புது அதிகாரி நின்னுக்கிட்டே கையெழுத்து போட்டார், பாபு அடிச்சா சரியாத்தான் இருக்கும்னு. நம்பிக்கை. தன் மூக்கு அறுந்தாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆகணும்னு சொல்லுவாங்களே, எனக்கு மூக்கும் அறுபடல, அவனுக்குத்தான் தடை ஆச்சு. பதினொரு வரித் தாளோட கார்பன் நகல் என்கிட்டயே இருக்கு. எரிக்க வரல. கிளார்க்குக்குத் தாளை எரிக்க வராது. இருபத்தொன்பது வருஷமா டிரங்குப் பெட்டி அடியில இருந்தது, இன்னிக்கு என் பையில இருக்கு, காலைல கிளம்பறப்ப கை அதுவா எடுத்து வச்சுது, ஏன்னு கேட்காதீங்க.

இதுல கொடுமை என்ன தெரியுமா. இவன் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டினதில்ல. ஊருக்கு வந்தான், நானும் வந்தேன், ரெண்டு தெரு தள்ளி வீடு. பொங்கல், கல்யாணம், சாவு, எல்லாத்துலயும் பார்த்துக்கிறோம். இன்னாடா சீனியர், வாடா சீனியர், அவ்வளவுதான். 'உன்னைத் தூக்கினவன்டா நான்'னு குடிச்சப்பகூட ஒரு வார்த்தை வந்ததில்ல. நான் காத்திருப்பேன். இன்னிக்குச் சொல்லுவான், இன்னிக்குச் சொல்லுவான்னு. சொல்லித் தொலைச்சிருந்தா சண்டை போட்டிருப்பேன், பகை ஆகியிருக்கும், நிம்மதியா இருந்திருக்கும். சொல்லமாட்டான். அவ்வளவு பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துப் பார்த்து வெந்திருக்கேன். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்துல என்னைத்தான் கூப்பிடுவாங்க, கோட்டுல ஒன்பது மெடல் குத்திக்கிட்டுப் போவேன், எல்லாம் இவனைவிடப் பல வருஷம் கூட இருந்ததுக்கு நாள் கணக்குல வந்த மெடல், புள்ளைங்களுக்கு அது தெரியாது. ஒரு வருஷம் மேடையில இந்தக் கதையைச் சொன்னேன். குண்டு விழுந்த இடத்துக்கு நாங்க திரும்பி ஓடினோம், தோழனைத் தூக்கினோம்னு சொன்னேன். புள்ளைங்க கைத்தட்டிச்சு. முதல் வரிசையில இவன், பேத்தியோட உட்கார்ந்திருந்தவன், எல்லாரையும்விடப் பலமா கைத்தட்டினான். நல்லவன்னா இப்படியா இருப்பான். அன்னிக்கு வீட்டுக்கு வந்து கோட்டைக் கழட்டறேன், என் பொண்டாட்டி, "கோதண்டம் அண்ணன் எவ்ளோ சந்தோஷப்பட்டார் பாத்தீங்களா"ங்கிறா. அவளுக்கும் அண்ணன். எல்லாருக்கும் அண்ணன்.

நாற்பத்தொண்ணு. "டேய், எழுதுடா, நம்ம டோக்கன் வந்துடும்"ங்கிறான். கடலைத் தோலை உள்ளங்கையில ஊதிட்டு, என் தாளை எட்டிப் பார்க்கிறான், கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது இவனுக்கு. "எந்தக் கட்டத்துல நிக்கிற?" காப்பாற்றப்பட்டவர் பெயர்னேன். வந்துடுச்சு, இப்பச் சொல்லப்போறான், இருபத்தொன்பது வருஷம் கழிச்சு இந்த வராந்தாவுல சொல்லப்போறான். "தாமஸ்குட்டின்னு போடு"ங்கிறான். நான் அவன் மூஞ்சியைப் பார்க்கிறேன். "இன்னா அப்படிப் பாக்குற. தாமஸ்குட்டிதானே? எனக்கும் சரியா நெனைப்பு இல்லடா. புகை, காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. எவனோ கிடக்கிறான்னு தெரிஞ்சுது, தூக்கினேன். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல தாமஸ்குட்டி கால்ல கட்டோட கிடந்தான், அவன்தான் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். பாவம், அவனும் போய்ச் சேர்ந்துட்டான். ஆனா ஒண்ணு, எவனா இருந்தாலும் நல்ல கனம்டா." சிரிக்கிறான். பல்லு இல்லாத சிரிப்பு.

மறந்துட்டான். பெருந்தன்மை இல்ல, ஒரு மண்ணும் இல்ல, மறதி. அவன் பெருந்தன்மைன்னு நினைச்சு நான் தினம் தினம் வெந்துட்டிருக்க, அவன் பாட்டுக்குச் சோறு தின்னுட்டுத் தூங்கியிருக்கான். இந்த மறதிக்கும் ஒருத்தன் கொடுத்து வச்சிருக்கணும். அப்ப நான் தப்பிச்சேனா? தப்பிச்சேன். தாமஸ்குட்டின்னு எழுதிட்டா போதும், செத்தவன் வந்து இல்லேன்னு சொல்லப்போறதில்ல. காரணம்ங்கிற கட்டத்துல, யூனிட் இடமாறுதலின்போது ஆவணம் தவறியதுன்னு எழுதலாம், அழகான வாக்கியம், யாரையும் தொடாத வாக்கியம், நானே ஆயிரம் தடவை எழுதின வாக்கியம். இவனுக்குக் கை பொழைக்கும். எனக்கு மானம் பொழைக்கும். எழுது, தணிகாசலம். தா-ன்னு எழுதிட்டேன். மை காயுது. பேனா நகரல. சந்தோஷமா இருக்கணுமே, ஏன் நெஞ்சு இப்படி வலிக்குது. இவன் தோள்ல கனமா இருந்தது நான். என்னால பாய்ஞ்ச இரும்பு, இன்னும் இவன் உடம்புக்குள்ள இருக்கு, நான்தான் இருக்கேன் அங்க, இவன் அதுக்குத் தாமஸ்குட்டின்னு பேர் வச்சு இத்தனை வருஷமாச் சுமந்திருக்கான். இப்ப எனக்குத் தாமஸ்குட்டி மேல பொறாமையா இருக்கு. எங்கயோ கோட்டயத்துப் பக்கம் மண்ணுக்குள்ள கிடக்கிறவன் மேல. என் பேரு அந்தத் தாள்ல ஏறிடக்கூடாதுன்னு ஒரு ஆளோட ரெக்கார்டையே வெட்டினவன் நான். இப்ப ஏறாம போயிடுமேன்னு பதறுது. தா-வை அடிச்சேன். மேல எழுதினேன். அடுத்த கட்டத்துலயும் எழுதினேன். கை நிக்கவே இல்ல, பையைத் திறந்து கார்பன் நகலை எடுத்துக் குண்டூசியால சேர்த்துக் குத்தினேன். நாற்பத்திமூணு.

"வாங்க சுபேதார் சார்"ங்கிறா சுபாஷிணி. தாளை வாங்கி மேலோட்டமாப் பார்க்கிறா, மறுபடியும் பார்க்கிறா. "சார், ரெண்டு கட்டத்துலயும் உங்க பேரே இருக்கு. மாத்தி எழுதிட்டீங்களா?" இல்லம்மா, ரெண்டும் சரிதான்னேன். குரலைத் தணிச்சுக்கிறா. "காரணம்ங்கிற இடத்துல பொறாமைன்னு இருக்கு சார். அப்படி எல்லாம் போடலாமா? கவனக்குறைவுன்னு மாத்திக்கட்டுமா?" வேணாம்மா, கவனமாத்தான் செஞ்சேன்னேன். மனுதாரருக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்கணும், அது முறை, முறைன்னா எனக்குத் தெரியாதா. கோதண்டம் நல்ல காதை அவ பக்கம் திருப்பி நிக்கிறான், இன்னும் வாயில கடலை மெல்லுது. அவ படிக்கிறா. காப்பாற்றப்பட்டவர் பெயர், அப்போதைய யூனிட் கிளார்க் தணிகாசலம், காயம் ஏதுமில்லை. மெல்றது நின்னுது. பதிவு விடுபட்ட காரணம், மேற்படி கிளார்க் தணிகாசலம், பொறாமையின் காரணமாக, டைப் செய்த உத்தரவிலிருந்து இவர் வரியை நீக்கிவிட்டார். அசல் உத்தரவின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

அவன் என்னைப் பார்க்கிறான். திட்டுவான்னு நிக்கிறேன். அடிச்சாலும் சரின்னு நிக்கிறேன், ஒரு பக்கம் எனக்கு, அசிங்கம்தான், ஒரு பக்கம் எனக்கு நிம்மதியா இருக்கு, இனிமே இவன் என்னை மறக்க முடியாது. "ஏண்டா?"ன்னான். அதான் எழுதியிருக்கேனேன்னேன். "என்கிட்ட இன்னாடா இருந்துச்சு?" நெசமாவே தெரியாமத்தான் கேட்கிறான், அவன் மூஞ்சியிலயே தெரியுது. நான் வாயைத் திறந்தேன். ஒரு முட்டை, ஒரு ஜன்னல், ஒரு கைத்தட்டல், எதைச் சொல்றது. சுபாஷிணி பேனாவை நீட்டினா. அவனுக்கு வலது கை நிக்காது, இந்த ஆறு மாசமா எங்க கையெழுத்து போட்டாலும் தாள் நகராம நான்தான் ஓரத்தை அமுக்கிப் பிடிப்பேன். பழக்கத்துல விரல் போயிடுச்சு. என் விரலுக்கு அடியிலேர்ந்து தாளை மெதுவா இழுத்துக்கிட்டான். மரத்துப்போன கையைத் தூக்கி அது மேல வச்சு, இடது கையால, ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி, பேரையும் நம்பரையும் எழுதினான். எழுபத்திரண்டு. பேனாவை எனக்குக் கொடுக்கல, மேசை மேல வச்சான். நான் எடுத்து அவனுக்குக் கீழ என் நம்பரை எழுதினேன்.

"எந்திரிங்க... வாங்க, போலாம்"ங்கிறான். நான் நின்னுட்டுத்தான் இருக்கேன், உட்காரவே இல்ல. யாரைச் சொல்றான்னு ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன், பின்னால யாரும் இல்ல. பட்டாளத்துல சேர்ந்த நாள்லேர்ந்து இந்த முப்பத்தொன்பது வருஷத்துல இவன் வாயிலேர்ந்து எனக்கு ஒரு 'ங்க' வந்ததில்ல. முன்னால நடக்கிறான், என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறின படி, இப்ப சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்குறான். வாசல்ல வாட்ச்மேன் எழுந்து நின்னு, "வந்த வேலை முடிஞ்சுதாண்ணே?"ங்கிறான். "முடிஞ்சுதுடா. வரட்டா"ன்னு அவன் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுப் போறான். நான் அந்த வாட்ச்மேனையே பார்த்துட்டு நிக்கிறேன். வயிறு எரியுது.